மடக்கு சைக்கிள்: எதை வாங்குவது, எப்படி ரயிலேற்றுவது

தாம்பரத்திலிருந்து தினமும் மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறவர் கேட்கிறார். இரண்டு முனையிலும் மூன்று நான்கு கிலோமீட்டர் மிதிக்க வேண்டும். விடுமுறையில் அதே வண்டியோடு ராமேஸ்வரம், ஊட்டி போக வேண்டும். எப்போதாவது விமானத்திலும் ஏற்ற வேண்டும். 16 அங்குலமா, 20 அங்குலமா? ரயிலில் விடுவார்களா? மலை ஏறுமா?

சுருக்கமான பதில்: நடுவில் மடியும் 20 அங்குல வண்டி, 406 மி.மீ. ரிம், 7 அல்லது 8 கியர், எடை 12 கிலோவை ஒட்டி. விதிவிலக்கு ஒன்று உண்டு. காலை எட்டரை மணிக்கு நெரிசல் பெட்டியில்தான் தினமும் ஏறப்போகிறீர்கள் என்றால் 20 அங்குலம் உங்களுக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் தொல்லை. அப்போது பிராம்ப்டன் வகை 16 அங்குல வண்டி வேண்டும், அல்லது வேலைக்குப் போக ஒன்று, ஊருக்குப் போக ஒன்று என்று பிரித்துக்கொள்ள வேண்டும். உங்கள் வழியில் மிகக் குறுகலான இடம் எதுவோ அதுதான் வண்டியின் அளவைத் தீர்மானிக்கும். கடையில் எல்லோரும் எடையைத்தான் கேட்கிறார்கள். மடித்த பின் தடிமன் எவ்வளவு என்று கேட்பவர் குறைவு, ரயிலில் இடிப்பதோ அந்தத் தடிமன்தான்.

நடுச் சட்டத்தில் ஒரு கீல் வைத்து இரண்டாக மடிவது டஹான், டெர்ன் போன்றவை. டேவிட் ஹான் 1982-இல் தொடங்கிய டஹானின் இந்த வடிவத்தைத்தான் பெரும்பாலான மலிவு வண்டிகளும் பின்பற்றுகின்றன. 20 அங்குலச் சக்கரத்தில் மடித்தால் ஏறக்குறைய 80 x 65 x 35 செ.மீ. வரும். லண்டனில் ஆண்ட்ரூ ரிச்சி 1970-களில் உருவாக்கிய பிராம்ப்டன் மூன்றாக மடிகிறது: பின் சக்கரம் சட்டத்துக்கு அடியில் சுருண்டு வரும், முன் பாதி பக்கவாட்டில் வந்து ஒட்டும், ஹேண்டில்பார் கீழே விழும். அளவு 64.5 x 58.5 x 27 செ.மீ. செயின் இரு சக்கரங்களுக்கும் நடுவில் மறைந்துவிடுவதால் பக்கத்தில் நிற்பவர் பேண்டில் கறை படாது. நெரிசலில் இது பெரிய விஷயம். இதே மூன்று மடிப்பு வடிவத்தில் வேறு நிறுவனங்களின் வண்டிகளும் இப்போது கிடைக்கின்றன. சிங்கப்பூர், மலேசியாவில் அவற்றை நிறையவே பார்க்கலாம்.

மூன்றாவதாக ஒன்று ஆன்லைனில் மலிவாகக் கண்ணில் படும்: 26 அங்குலச் சக்கரம், முன்னும் பின்னும் ஸ்பிரிங், நடுவில் ஒரு கீல், 17, 18 கிலோ எடை. மடித்தாலும் ஒரு மீட்டர் நீளம் இருக்கும். கார் டிக்கியில் போட்டுப் போக சரி. மேம்பாலப் படியில் தூக்கிக்கொண்டு ஏறப்போகிறவர் அந்தப் பக்கமே திரும்ப வேண்டாம்.

ரிம்மும் ட்யூபும்

‘20 அங்குலம்’ என்று எழுதியிருந்தால் போதாது. அதில் 406 மி.மீ., 451 மி.மீ. என்று இரண்டு ரிம் உண்டு. 16 அங்குலத்திலும் 305, 349 என்று இரண்டு. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. டயரின் பக்கச் சுவரில் 47-406 என்பதுபோல் அச்சடித்திருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது ரிம். 406 பி.எம்.எக்ஸ் சைக்கிளின் அளவு, 20 அங்குலச் சிறுவர் சைக்கிள்கள் பலவும் அதே அளவு. எனவே ஊர்ப்பக்கத்துச் சைக்கிள் கடையிலும் ட்யூபாவது கிடைக்கும், டயரும் கிடைக்க வாய்ப்புண்டு. 305-க்கும் சிறுவர் சைக்கிள் தயவில் ஏதோ ஒன்று மாட்டும், தடிமனாக இருந்தாலும் வண்டி ஓடும். 349-ம் 451-ம் அப்படியல்ல. பிராம்ப்டன் 349. அதை எடுத்துக்கொண்டு ராமநாதபுரம் பக்கம் போகிறவர் இரண்டு ட்யூபும் மடித்துக் கட்டக்கூடிய ஒரு டயரும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வால்வையும் பாருங்கள். ரிம்மில் பெரிய துளை (ஏறக்குறைய 8.5 மி.மீ.) இருந்தால் கார் வால்வு ட்யூபும் நுழையும், நம்மூர் வால் டியூப் வைத்த பழைய வகையும் நுழையும். ரேஸ் சைக்கிள் போல மெல்லிய பிரெஸ்டா வால்வுக்குத் துளைத்த 6.5 மி.மீ. ரிம்மில் இவை இரண்டும் நுழையாது.

டயர் அகலம் நம் சாலைக்கு 40 மி.மீ.-க்குக் குறைய வேண்டாம், 47 முதல் 50 வரை இருந்தால் நல்லது. பெரிய சக்கரம் தாண்டிப் போகும் பள்ளத்தில் சின்னச் சக்கரம் இறங்கி ஏறும். அந்த அடியை வாங்க டயரில் காற்றுத்தான் இருக்கிறது. 75 கிலோ ஆள் என்றால் 47 மி.மீ. டயரில் பின்னால் 45-50 பி.எஸ்.ஐ., முன்னால் ஐந்து பத்து குறைவாக. கல் போல் அடித்து வைத்தால் வேகம் கூடாது, மணிக்கட்டு வலிதான் கூடும். குறைத்து ஓட்டினால் பள்ளத்தில் ட்யூப் ரிம்மில் கடிபட்டு, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும்.

கூடவே இன்னொன்று. 406 சக்கரம் 40 மி.மீ. டயரோடு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 660 முறை சுற்றும், 700சி ரோடு சைக்கிளின் சக்கரம் 470 முறை. டயரும் பிரேக் படும் ரிம்மும் அதே கணக்கில் சீக்கிரம் தேயும். வண்டியின் குறை என்று நினைத்துவிடாதீர்கள்.

மலைக்குக் கியர்

எத்தனை கியர் என்பதைவிட, பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றினால் வண்டி எத்தனை மீட்டர் போகிறது என்று பாருங்கள். முன் பல்லைப் பின் பல்லால் வகுத்துச் சக்கரச் சுற்றளவால் பெருக்கினால் கிடைக்கும். 40-406 டயரின் சுற்றளவு 1.51 மீட்டர். 20 அங்குல வண்டிகளில் அடிக்கடி வரும் அமைப்பு முன்னால் 52 பல், பின்னால் 11-28. அதிவேகக் கியர் 7.1 மீட்டர், மிக எளிய கியர் 2.8 மீட்டர். சமவெளிக்கு இது போதும். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து முந்நூற்றுச் சொச்சம் மீட்டர், குன்னூர் 1,800-க்கு மேல். ஒன்றரைக் கிலோமீட்டர் செங்குத்து உயரத்தைப் பத்துக் கிலோ பையோடு 2.8 மீட்டர் கியரில் ஏறினால் முட்டி பேசும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தாலே மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் வருகிறது. அந்த ஏற்றத்தில் அவ்வளவு வேகம் சாதாரண ஆளுக்குத் தாங்காது. சுற்றைக் குறைத்தால் ஒவ்வொரு மிதியும் கனக்கும்.

தீர்வு எளிது. முன் பல்சக்கரத்தை 52-இலிருந்து 46-க்கு மாற்றுங்கள். எளிய கியர் 2.5 மீட்டருக்கு இறங்கும். பின்னால் 11-32 போட முடிந்தால் 2.2. மேலே இழப்பது கொஞ்சம்தான்: 46-க்கு 11 என்றால் 6.3 மீட்டர், நிமிடத்துக்கு 80 சுற்றில் மணிக்கு 30 கி.மீ. சுமையோடு அதற்கு மேல் ஓட்டத் தேவையும் இல்லை. பல்சக்கரம் ஐந்து போல்ட்டில் தனியாகக் கழலும் வகையா, கிராங்கோடு (பெடல் மாட்டியிருக்கும் தண்டு) சேர்த்து அடித்த வகையா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். அடித்த வகையில் முழுக் கிராங்கையும் மாற்ற வேண்டி வரும். பல் குறைந்தால் செயினையும் ஒன்றிரண்டு கண்ணி குறைக்க வேண்டும். இல்லையென்றால் மடிக்கும்போது தொங்கி விழும்.

பிராம்ப்டனின் மூன்று கியர் வண்டியில் முன் 50, பின் 13 என்று இருந்தால் எளிய கியர் 3.8 மீட்டர். கத்திப்பாரா மேம்பாலத்துக்கு அது தாராளம். நீலகிரிக்கு ஆகாது. கியர் பின் சக்கரத்தின் நடு உருளையான ஹப்புக்குள் இருப்பது ஒரு வசதி: மடிக்கும்போது டிரெய்லர் (derailleur, செயினைப் பல்லுக்குப் பல் தள்ளும் கருவி) அடிபடாது. 20 அங்குல வண்டியில் பின் டிரெய்லர் தரைக்கு மிக அருகே தொங்குகிறது. நடைமேடை விளிம்பில் ஒருமுறை இடித்தால் அது மாட்டியிருக்கும் சின்னத் தகடு வளையும். பிறகு கியர் எப்படித் திருகினாலும் ஒழுங்காக விழாது. அந்தத் தகடு மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் வாங்கும் அன்றே உதிரியாக ஒன்று வாங்கிப் போட்டுவிடுங்கள்.

மலையில் ஏறுவதைவிட இறங்குவதுதான் எனக்குக் கவலை. சின்ன ரிம்மில் உலோகம் குறைவு, ஆளும் சுமையும் அதே எடை. பிரேக் கட்டை உண்டாக்கும் சூடு முழுவதும் அந்தக் குறைந்த உலோகத்தில் ஏறும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே இறங்கினால் ரிம் கொதித்து ட்யூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து வேகத்தைக் கொன்று, பிறகு முழுவதும் விட்டுவிடுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்தால் காற்றே பாதி பிரேக் வேலையைச் செய்யும். இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம். டிஸ்க் பிரேக் என்றால் இந்தத் தொல்லை குறையும். ஆனால் மடித்து எடுத்துப் போகும்போது டிஸ்க் தகடு வளைகிற தொல்லை கூடும்.

கடையில் பார்க்க வேண்டியவை

சட்டத்தின் கீல் நெம்புகோலை மூடும்போது பாதியிலேயே எதிர்ப்பு தெரிய வேண்டும். ஒரு உள்ளங்கையால் அழுத்தித்தான் மூட முடிய வேண்டும். இரண்டு விரலால் மூடினால் தளர்வு. முழு உடம்பையும் போட்டு மூட வேண்டியிருந்தால் மிகை இறுக்கம், கீல் தாடை விரிந்துபோகும். சரிசெய்ய அருகில் ஒரு நட்டோ போல்ட்டோ இருக்கும். அதைக் கால் சுற்றாகத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். அடுத்து முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். மடியும் இடத்தில் ‘டக்’ என்று அசைவு தெரிந்தால் கீல் இறுக்க வேண்டும். அசைவு அதற்குக் கீழே, சட்டத்துக்குள் போகும் இடத்தில் என்றால் ஹெட்செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) தளர்ந்திருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு கீலையே இறுக்கிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

பழைய வண்டி வாங்குகிறவர் ஹேண்டில் கம்பத்தின் அடிக்கீல், சட்டக் கீல் இரண்டின் வெல்டிங் ஓரங்களையும் துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பெயின்ட்டில் முடி போல ஒரு கோடு தெரிந்தாலும் விட்டுவிடுங்கள். ஹேண்டில் கம்பம் முறிந்தால் முகம்தான் முதலில் தரைக்குப் போகும்.

எடை வரம்பையும் பாருங்கள். பிராம்ப்டனுக்கு 110 கிலோ, வேறு பல வண்டிகளுக்கு 105 கிலோ. பல வண்டிகளில் இது ஆளும் பையும் சேர்ந்த கணக்கு. சீட் கம்பத்தில் போட்டிருக்கும் கோட்டுக்கு மேல் ஏற்றித்தான் உங்கள் கால் நீளுகிறது என்றால் அந்த வண்டி உங்களுக்கு இல்லை, நீளமான கம்பம் கேளுங்கள். 20 அங்குல வண்டிகளில் கம்பத்தின் விட்டம் பெரும்பாலும் 33.9 மி.மீ., சாதாரணக் கடையில் கிடைக்காது. முன் சக்கர ஹப் அகலமும் பலவற்றில் 74 மி.மீ., சாதாரண சைக்கிளில் 100. முன் ஹப் போனால் பெயர்த்து மாட்ட ஊரில் வேறொன்று கிடைக்காது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மடித்து ஒரு கையில் தூக்கி இரண்டு மாடி ஏறிப் பாருங்கள். மடித்த நிலையிலேயே உருட்டிக்கொண்டு போக முடிகிறதா என்றும் பாருங்கள். 13 கிலோவாக இருந்தாலும் உருளும் வண்டி, உருளாத 11 கிலோ வண்டியைவிட ரயில் நிலையத்தில் எவ்வளவோ மேல்.

ரயில், பஸ்

இந்திய ரயில்வேயின் லக்கேஜ் விதியில் ஸ்லீப்பருக்கு 40 கிலோ, இரண்டாம் வகுப்புக்கு 35 கிலோ இலவசம். ஆனால் சைக்கிள், ஸ்கூட்டர் போன்றவற்றுக்கு இந்த இலவச அளவு பொருந்தாது என்றும் அதே விதி சொல்கிறது. பெட்டிக்குள் கொண்டுவரும் டிரங்குப் பெட்டிக்கு 100 x 60 x 25 செ.மீ. வரம்பு. மூன்றடுக்கு ஏ.சி.-யிலும் ஏ.சி. சேர் காரிலும் 55 x 45 x 22.5 தான். மேலே சொன்ன அளவுகளோடு ஒப்பிட்டால் விதிப்படி எந்த மடக்கு சைக்கிளும் முழுதாக அடங்காது. பிராம்ப்டன் ஸ்லீப்பரில் தடிமனில் மட்டும் இரண்டு செ.மீ. மிஞ்சும். எனவே முழுக்கப் பையில் போட்டு, மற்றவர் காலில் படாமல், வழியை மறிக்காமல் வைத்துக்கொள்வதுதான் நடைமுறை. டிக்கெட் பரிசோதகர் லக்கேஜ் கட்டணம் கேட்டால் வாதாடாமல் கட்டி ரசீது வாங்குங்கள். விதி அவர் பக்கம். சந்தேகமே வேண்டாம் என்பவர் பார்சல் ஆபீஸில் பதிவு செய்து லக்கேஜ் வேனில் அனுப்பலாம். நடுவில் ரயில் மாறாத பயணத்துக்கு மட்டும் அதைச் சொல்வேன். பெயர், ஊர், பி.என்.ஆர். எழுதிய சீட்டு பைக்கு வெளியிலும் உள்ளேயும் இருக்கட்டும்.

ஸ்டேஷனுக்கு வெளியிலேயே மடித்துப் பையில் போட்டுவிடுங்கள். சைக்கிளாக உள்ளே நுழைந்தால் கேள்வி வரும், பையாக நுழைந்தால் அநேகமாக வராது. நடு மடிப்பு வண்டிக்கு வரிசை இது: செயினைப் பின்னால் மிகச் சிறிய பல்லுக்குக் கொண்டுவாருங்கள், டிரெய்லர் உள்ளே ஒதுங்கும். மடியும் பெடலை மடியுங்கள். கிராங்கை எந்த நிலையில் வைத்தால் சக்கரத்தில் முட்டாது என்று வீட்டிலேயே கண்டுபிடித்து ஒரு பெயின்ட் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தை மடித்து, ஹேண்டில் கம்பத்தை விழவிட்டு, கடைசியில் சீட்டை இறக்குங்கள். இரு சக்கரத்துக்கும் நடுவில் ஒரு பழைய துண்டு. மடித்த பாதிகளைச் சேர்த்துப் பிடிக்கும் காந்தத்தை நம்பாமல் வெல்க்ரோ பட்டையால் ஒரு கட்டு. கீல் அருகே கேபிள்கள் மடங்கி நொறுங்காமல் வளைவாகப் போகின்றனவா என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நெரிபட்டால் சில மாதத்தில் கியர் தடுமாறும்.

இருக்கைக்கு அடியில் தள்ள வேண்டுமென்றால் தடிமனைக் குறைக்க வேண்டும். பெடல் இரண்டையும் கழற்றினாலே பல செ.மீ. மிச்சம். 15 மி.மீ. ஸ்பேனரை மேல்நோக்கி நிறுத்திப் பின் சக்கரத்தின் பக்கம் தள்ளினால் வலது, இடது இரண்டுமே கழலும். இடப்பக்க மரை எதிர்த் திசை என்பதால் இப்படி நினைவு வைத்துக்கொள்வது எளிது. அதற்கும் அடங்காவிட்டால் பெட்டியின் கடைசி வரிசைக்குப் பின்னால் நிறுத்திச் சங்கிலி போடுங்கள்.

பஸ்ஸில் டிக்கியில் படுக்கவைக்கும்போது செயின் பக்கம் மேலே இருக்கட்டும். மற்றவர் மூட்டை அதன்மேல் ஏறும், எனவே கடைசியாக உங்கள் கையாலேயே வையுங்கள். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு விஷயம் சுலபம். மடித்த அளவு 120 x 70 x 40 செ.மீ.-க்குள் இருந்தால் எம்.ஆர்.டி. மெட்ரோ ரயிலிலும் பஸ்ஸிலும் ஏற்றலாம்.

விமானம்

பெரும்பாலான விமான நிறுவனங்கள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 158 செ.மீ. என்று வரம்பு வைக்கின்றன. பிராம்ப்டன் 150, மெல்லிய பெட்டியில் அடங்கும். 20 அங்குல வண்டி 180, அப்படியே அடங்காது. சக்கரம், கம்பம், ஹேண்டில், மட்கார்டு எல்லாம் கழற்றிப் பெரிய சூட்கேஸில் அடுக்கலாம். முதல்முறை இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். உள்நாட்டில் பல நிறுவனங்களில் 15 கிலோதான் இலவசம். 12 கிலோ வண்டியும் 5 கிலோ பெட்டியும் சேர்ந்தாலே தாண்டிவிடும். கூடுதல் எடையை முன்கூட்டியே ஆன்லைனில் வாங்குவது கவுன்ட்டரில் கட்டுவதைவிட மலிவு.

முன் சக்கரம் கழற்றிய ஃபோர்க்குக்குள் (சக்கரத்தை இருபுறமும் பிடிக்கும் கவை) 74 மி.மீ. நீளத்துக்கு வெட்டிய மரக்கட்டை ஒன்றும், பின்னால் வண்டிக்குத் தக்க இன்னொன்றும் முட்டுக் கொடுங்கள். மேலே சுமை விழுந்தால் அங்கேதான் நெரியும். பின் டிரெய்லரை 5 மி.மீ. எல்-கீயால் கழற்றித் துணியில் சுற்றிச் சட்டத்தோடு கட்டுங்கள். ஹைட்ராலிக் பிரேக் என்றால் பேட்களுக்கு நடுவில் அட்டைத் துண்டு வைக்காமல் நெம்புகோலைத் தொடாதீர்கள். பிஸ்டன் வெளியே வந்து டிஸ்க் திரும்ப நுழையாது. டயர் காற்றைப் பாதி இறக்கினால் போதும்.

மின்சார மடக்கு சைக்கிளை விமானத்தில் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். பயணிகள் விமானத்தில் லித்தியம் பேட்டரிக்கு உச்சவரம்பு 160 வாட்-மணி. 36 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியே 252 வாட்-மணி. கைப்பையிலும் விட மாட்டார்கள், சரக்கறையிலும் விட மாட்டார்கள்.

சுமை, கருவி

பின் கேரியரில் பெரிய பக்கப்பை மாட்டினால் குதிகால் இடிக்கும், பை தரையையும் உரசும், முன் சக்கரம் லேசாகித் துள்ளும். சட்டத்தின் தலைக்குழாயில் (ஹேண்டில் கம்பத்துக்குக் கீழே உள்ள முன் குழாய்) மாட்டும் முன் பை நல்லது. அது ஹேண்டிலோடு திரும்பாது, கனமும் முன்னால் நிற்கும். பிராம்ப்டனின் முன் கொக்கிக்கு 10 கிலோ வரம்பு. ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை போகும் சாலையில் பக்கக் காற்று பலமாக அடிக்கும். சின்னச் சக்கரம் அதில் எளிதாகத் திசை மாறும், உயரமாகக் கட்டிய பை அதை இரட்டிப்பாக்கும். திரும்பி வந்த அன்றே உப்பைக் கழுவி, கீல் ஊசிகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். சீட் கம்பத்தில் மட்டும் எண்ணெய் படக்கூடாது, அங்கே பட்டால் மிதிக்க மிதிக்கச் சீட்டு இறங்கும். அப்படி இறங்கினால் கிளாம்ப்பை இன்னும் இறுக்குவதற்கு முன் கம்பத்தையும் குழாயின் உள்பக்கத்தையும் உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

பையில் இருக்க வேண்டியது: உங்கள் ரிம்முக்குரிய ட்யூப் இரண்டு, பஞ்சர் ஒட்டு, டயர் நெம்பு, கைப்பம்பு, 4, 5, 6 மி.மீ. எல்-கீ, பெடலுக்கும் பின் சக்கர நட்டுக்கும் சேர்த்து 15 மி.மீ. ஸ்பேனர், கியர் கேபிள் ஒன்று, டிரெய்லர் தகடு ஒன்று. விமானத்தில் போகும்போது ஸ்பேனரும் எல்-கீயும் பெட்டிக்குள் போகட்டும். கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள், இறங்கிய ஊரில் பெடல் மாட்ட வழியிருக்காது.